ட்ரெய்லரில் ஒரு இடம்

ஆரம்பாக்கம் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெரியவரும் அவர் மாப்பிள்ளையும். மாப்பிள்ளை மடியில் புது பெல்ட்.

“வைக்கோல் கட்டுற மிஷினுக்கா? பழசு உப்புக்காத்துல வெடிச்சுட்சா?”

“இல்ல மாமா. நல்லாத்தான் கட்டத் தூக்கி ட்ரெய்லர்ல எறியுது. போய்ப் பாத்தா வரிசையா அடுக்கிக்கீது.”

“யாரு அடுக்குனது?”

“ட்ரெய்லர்ல ஆளே இல்ல. குறுக்கால மாத்தி மாத்தி, முடிச்சு உள்பக்கமா. எங்கண்ணன் அப்டித்தான் அடுக்குவான்.”

பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

“அவன் ட்ரெய்லர்லேந்து உழுந்து செத்தப்புறந்தானடா, ஆளே ஏற வேணாம்னு எறியுற மிஷின மாட்டுன?”

“அதான் மாமா. இந்த பெல்ட்டு வேகமா எறியுமாம். அடுக்க முடியாம கலைஞ்சுடும்னு பாக்குறேன்.”

“அடுக்கினா அடுக்கிட்டுப் போறான். இன்னா பயம்?”

“நேத்து நடுவுல ஓரிடம் வுட்டு அடுக்கிக்கீறான் மாமா. அவன்கூட ஏறுனா நான் நிக்கிற எடம்.”