சத்தமில்லாத ஃபேன்

"மாமு, அந்தப் பழைய ஃபேனையே திரும்ப மாட்டிக் குடு. எனக்குச் சத்தம் வேணும்."

காலடிப்பேட்டையில் கம்ப்யூட்டர் பெட்டியோடு பேருந்தில் ஏறியவர், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தன் நண்பரிடம் சொன்னார். அந்த நண்பருக்கு யானைக்கவுனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போலிருக்கிறது.

"இன்னாடா பேஜாரு? கிராபிக்ஸ் கார்டு ஃபேன் லாரி மாதிரி கத்துது, ராத்திரில கல்யாண வீடியோ எடிட் பண்ண முடியலன்னு நீதான சொன்ன? அதான் அதக் கழட்டிட்டு, ஓசைப்படாத ஃபேனா பெருசா ரெண்டு வெச்சி, பிளாஸ்டிக் டேக்கு போட்டு இறுக்கிக் கட்டிக் குட்த்தேன். கார்டு சூடாவுதா?"

"இல்ல. ஜில்லுனு கீது. சத்தமே இல்ல."

"அப்பறம் இன்னா?"

"பக்கத்து ரூம்ல எங்க நைனா இருமுறது கேக்குது."

"ஹார்பர்ல கரி எறக்குன ஆளு. இருமத்தான் செய்வாரு."

"அப்டி இல்ல மாமு. விடிய விடிய இருமுறாரு. தலகாணில வாய அமுக்கிகினு இருமுறாரு. இத்தினி நாளும் நல்லா தூங்குறாருன்னு நெனச்சிகினு இருந்தேன்."

வெளியே கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நின்றன. பேருந்து நகரவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போடா."

"கூப்ட்டேன். வர மாட்டேன்றாரு. 'அந்தச் சத்தம் இருந்த வரிக்கும் நிம்மதியா இருமிகினு இருந்தேன், ஏன்டா நிறுத்துன'ன்னு கேக்குறாரு."