வாய்ல இருக்கறது தேக்கா?

...ம்ஹூம், பேசக் கூடாது! வாய்க்குள்ள பல் அச்செடுக்கற தட்டு இருக்குல்ல? அசைஞ்சா அச்சு கோணிக்கும், அச்சு கோணுனா பல்லும் கோணிக்கும். அப்புறம் 'அந்த டாக்டரம்மா கை வெளங்காது'ன்னு ஊரெல்லாம் சொல்வீங்க. ஏற்கெனவே சொன்னது போதாதாண்ணா? "நான் மரக்கடைக்காரன், பிளாஸ்டிக் நாற்காலி விக்கறவனுக்கா பொண்ணக் குடுப்பேன்?"னு என் பையனைப் பத்திச் சொன்னீங்களாமே! என் காதுக்கு வராதுன்னு நெனச்சீங்களா?

பிளாஸ்டிக்னா அவ்ளோ எளக்காரமா? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் வேணாம்... ஹிஹி, சொல்லவும் முடியாது. மேல்வாய்ல கழட்டி மாட்டறீங்களே பல்செட்டு, அது என்ன, தேக்கா? கருங்காலியா? சுத்தமான பிளாஸ்டிக்! போன வருஷம் நான்தான் மாட்டினேன். அதை வெச்சுக்கிட்டுத்தான் பிளாஸ்டிக்கைத் திட்டியிருக்கீங்க!

நாற்காலிக் கைப்பிடியத் தட்டாதீங்க, அச்சு இறுகட்டும்.

பல்லுக்காக மனுஷன் எதத்தாண்ணா விட்டான்? தங்கக் கம்பி போட்டுக் கட்டினான். மாட்டெலும்பு, யானைத்தந்தம்... நீர்யானைப் பல்லு கூட! அதை மாட்டிக்கிட்டு நாலு பேர் நடுவுல எப்படிக் கொட்டாவி விட்டானோ! ஒரு நாட்டுல மரத்துலயே செதுக்கிப் போட்டாங்களாம். ஆங்... மரம்னதும் கண்ணு மின்னறதப் பாரு! நில்லுங்க, கதை முடியல. தந்தம் போகப்போக நாத்தம் புடிச்சுது. அப்புறம் ரப்பர் வந்துச்சு. கடைசில யாரு வந்தா? நம்ம பிளாஸ்டிக்!

உங்க கடையில வாங்குன கட்டில் இருக்கே, எங்க வீட்டுக்காரர் பொரண்டு படுத்தா பக்கத்து வீட்டு நாய் கொலைக்குது. ஆனா அதே மனுஷன் என் பையன் கடை நாற்காலில தொப்புனு உக்காரறார்... ஒரு முனகல்? ம்ஹூம்!

என்ன, இந்த மெழுகையே பாக்கறீங்க? பதட்டமா இருந்தா எதையாவது உருட்டிக்கிட்டே இருக்கணும் எனக்கு. மறைச்சு என்னண்ணா ஆகப் போகுது... பயம்தான். வந்து உக்காந்ததும் "நான் ஒரு முடிவு..."ன்னு ஆரம்பிச்சீங்கல்ல? 'முடியாது'ன்னு சொல்லிடுவீங்களோன்னுதான், சொல்றதுக்குள்ள தட்டை வெச்சு அமுக்கிட்டேன். புள்ள ரெண்டு வாரமா ஒழுங்கா சாப்பிடலண்ணா. உங்க பொண்ணு மட்டும் என்ன, தெம்பாவா இருக்கா?

சரி சரி, எடுத்துடறேன். சாதாரணமா அச்செடுக்கக் கடல்பாசி மாவைத்தான் கொழச்சு வைப்பேன். உங்களுக்குன்னு ஒசந்த ரப்பரா எடுத்தேன், கிண்ணுன்னு புடிச்சிருக்கும்... ஆ காட்டுங்க... இன்னும்... ஐயையோ. வரலையே!

கீழ்வரிசைல விழுந்த பல்லுக்குப் பதிலா பாலமாட்டம் பிரிட்ஜ் போட்டிருக்கில்ல, அதுக்கு அடியில இருக்கற சந்தை மொதல்ல மெழுகு வெச்சு அடைக்கணும். இல்லேன்னா ரப்பர் உள்ள பூந்து கவ்விக்கும். அடைக்கற மெழுகு... கடவுளே, என் கையிலல்ல உருண்டுக்கிட்டு இருக்கு! இதத்தான் அப்பலேருந்து மொறைச்சீங்களா? பாசி மாவா இருந்தா பிஞ்சாவது வந்திருக்கும்!

'ம்ம் ம்ம்'னா எனக்கு என்ன புரியும்? வலிக்குதா, இல்ல கல்யாணத்தப் பத்தியா? விரலைக் காட்டுங்க. சம்மதம்னா ஒண்ணு, வலின்னா ரெண்டு. மாத்திக் காட்டிடாதீங்க, என் நெஞ்சு தாங்காது.

...மூணா? மூணு எதுக்கு? நான் ரெண்டுதானே சொன்... ஒண்ணும் ரெண்டும்... அண்ணா! ரெண்டுமா? சம்மதமும் வலியுமா? சம்மதம்னு சொல்லத்தான் வந்தீங்களா! அடக் கடவுளே, அந்த வாயையா நான் அடைச்சேன்?

அழாதீங்க சம்பந்தி... ஓ, சிரிக்கறீங்களா? சிரிக்காதீங்க, இன்னும் உள்ள எறங்கும்! பயப்படாதீங்க, துண்டு துண்டா வெட்டியாவது எடுத்துடறேன். ஆனா ஒண்ணு சம்பந்தி, எடுத்ததுக்கப்புறம் பேச்சு மாறக் கூடாது.