புளியமரத்து மைக்கு

அந்தப் பக்கம் ஒக்காராத தம்பி, பொகை நேரா மூஞ்சிக்கு வரும். இந்த பெஞ்சிக்கு வா. காலு ஒண்ணு ஆடும், செங்கல்ல முட்டு குடுத்து வச்சிருக்கேன், வுழ மாட்ட. இட்லிதான் இருக்குது. வடை காலையிலயே தீந்துபோச்சி. மதியானத்துல எவன் இட்லி துன்னுவான்னு பாக்கறியா? பங்குனி உத்திரத்துக்கு வந்த ஜனத்துக்கு நேரம் காலம் ஏது. மயிலத்துல தேரு பாத்துட்டு பஸ்ஸு புடிச்சி இங்க எறங்கறான், எறங்கனதும் கபடி பாக்க கிரவுண்டுக்கு ஓடி வர்றான். நடுவுல வயித்துக்கு எதாச்சும் போட்டாவணும் இல்ல? அதுக்குத்தான் நான் இருக்கேன்.

இந்தா, சாம்பார் ஊத்திக்கோ. என்னா, சத்தமா சொல்லு, காது கேக்கல. மேல பாரு, நேரா நம்ம தலைக்கு மேல கட்டி வச்சிருக்கான் மைக்கு கொழாவ. புளியமரம் ஒண்ணுதான் அவனுக்குக் கெடச்சிது. மைக்கு செட்டு சவுரிராயன், தோ அங்க டேபிள் போட்டு ஒக்காந்திருக்கான் பாரு, சிவப்பு சட்டை, அவன்தான். நல்ல பையன். வாய்தான் ஓயாது. வளவிக்கடை, ராட்டினம், லாட்ஜி, எல்லாத்தையும் மைக்குல கூவிக்கினே இருப்பான். ஆட்டம் நடக்கறப்பகூட வாய மூட மாட்டான்.

மத்த நாள்ல வந்து பாரு இந்த திண்டிவனத்த. மெட்ராஸ் போறவன், திருச்சி போறவன், டீ குடிக்க எறங்கி பஸ்ஸு ஆரன் அடிச்சா ஓடுற ஊரு. வேர்க்கடல மில்லுக்கு மல்லாட்டை மூட்டை ஏத்துவான், எறக்குவான், அவ்ளோதான். இப்ப லாட்ஜில எடம் கெடையாது. மொட்டமாடியில பாய விரிச்சி அதுக்கும் வாடவை வாங்கறான், கேட்டா சீசனுங்கறான். வெளியூரு டீமுங்கள மில்லு குடோன்ல தங்க வச்சிருக்காங்க, மல்லாட்டை தொலிமேல படுத்து எழுந்து ஒடம்பெல்லாம் சொறிஞ்சிக்கினு வர்றானுங்க பாவம். நேத்து ஆரோவில்லேருந்து ஒரு வெள்ளக்கார ஜோடி வந்துச்சி. இட்லிய கையில வச்சிக்கினு போட்டோ புடிக்குது, புடிக்குது, துன்னவே மாட்டேங்குது. ஆறிப்போவுதும்மான்னு சொல்றேன், அது என்னியும் ஒண்ணு புடிச்சிது.

முன்னல்லாம் இப்பிடி இல்ல தம்பி. மயிலம் போற கூட்டம் மயிலத்துக்குப் போவும், திரும்பி வூட்டுக்குப் போவும். கபடின்னா சுத்துப்பட்டு ஊருக்காரன் நாலு பேரு கோடு கிழிச்சி ஆடுவான், அவன் பொண்டாட்டி புள்ளைங்க பாக்கும். இந்தக் கோப்பை வந்ததுக்கு அப்பறந்தான் இவ்ளோ பேரு. பேப்பர்ல போட்டான் இல்ல, அதப் பாத்து எங்கெங்க இருந்தோ டீமு வந்துச்சி. டீமு வந்தா ஜனம் வந்துச்சி. எல்லாருக்கும் யாவாரம். எனுக்குந்தான், பொய் சொல்லக் கூடாது.

என்னா கோப்பையா? அந்த பேனர படி. கோதண்டபாணி நினைவு சுழற்கோப்பை. போட்டோவுல சிரிச்சிக்கினு இருக்கறான் பாரு, அரும்பு மீச. எம் புள்ள.

அட, ஏன் கைய எடுத்துட்ட? துன்னு. அதெல்லாம் ஆயிப்போச்சி தம்பி, மூணு பங்குனி போயிடுச்சி. நான் சொல்றத கேட்டுக்கினே துன்னு. அம்சா, அந்த அண்ணனுக்குச் சட்னி வையி. எம் பொண்ணுதான். அண்ணன் இருந்த வரைக்கும் இதுவும் நல்லா சிரிக்கும்.

எங்க வூட்டுக்காரரு இந்தத் திருவிழா நாள்ல ஊருலயே இருக்க மாட்டாரு. பிரம்மதேசத்துல அவரு அக்கா வூடு, அங்க போயிடுவாரு. மைக்குல அவன் பேரு வரும் இல்ல, அது அவருக்கு ஆவாது. வூட்டுலயும் அந்தப் பேர எடுக்கக் கூடாது. எனுக்கு அப்பிடி இல்ல. வருசம் பூரா யாரும் சொல்லாத பேர நாலு நாளைக்கி ஊரே சொல்லுது. அதக் கேக்கத்தான் கடைய இங்க போடறேன். இட்லி சும்மா சாக்குதான்.

அன்னிக்கும் கடை இதே எடத்துலதான். கடசி ஆட்டம். அவன் பாடிப் போறான். மண்ணத் தொட்டுக் கும்பிட்டுட்டு கோட்டத் தாண்டுவான், நான் தவலையில மாவு கலக்கிக்கினே பாக்கறேன். ரெண்டு பேரத் தொட்டுட்டான். திரும்பறப்ப ஒருத்தன் இடுப்பக் கட்டிப் புடிச்சிட்டான். புடிச்சான்னா நல்ல புடி. அதுக்குமேல மத்தவனுங்க எல்லாம் வந்து வுழுந்தானுங்க. எம் புள்ள அடியில. கை மட்டும் நடுக்கோட்டப் பாத்து நீட்டிக்கினு இருக்குது, ஒரு சாண் எட்டல.

ஆட்டம் ஒனக்குத் தெரியும். பாட்டு நிக்கிற வரைக்கும் புடிய வுடக் கூடாது. பாடறவன் மூச்ச வுட்டாத்தான் அவுட்டு, அதுக்கு முன்ன புடிய வுட்டா அவன் கோட்டத் தொட்டுட்டு மொத்த பேரையும் அவுட்டாக்கிட்டுப் போயிடுவான். அதனால யாரையும் நான் ஒரு சொல்லு சொன்னதில்ல. அம்பயரு வந்து எங்கிட்ட அழுதாரு. பாட்டு நிக்கவே இல்லம்மா, பாடிக்கினே இருந்தான், அதான் நான் விசில் ஊதலன்னாரு. பாட்டு நின்னதுக்கு அப்பறம் எல்லாரும் எழுந்துட்டாங்க. இவன் எழுந்துக்கல. கழுத்துல அடி. ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்தறதுக்குள்ள போயிட்டான்.

அதத்தான் இப்ப பெருமையா சொல்றாங்க. கடசி மூச்சு வரைக்கும் கபடி பாடின வீரன்னு. நோட்டீசுல போட்டிருக்கான். சாயங்காலம் கோப்பைய எங்கையாலதான் குடுக்கச் சொல்லுவாங்க, மேடையில நிக்க வச்சி அதே வார்த்தைய சவுரி மைக்குல சொல்லுவான், ஜனம் கை தட்டும். நான் கும்பிட்டுக்கினு நிப்பேன். எனுக்கு அது உண்மையா இல்லியான்னு தெரியாது தம்பி. அதான் பேஜாரு.

ஏன்னா எனுக்கு ஒண்ணும் கேக்கல. இதே கொழா, இதே மரம். எம்புள்ள மண்ணுல கெடக்கற அந்த நேரத்துல சவுரி மைக்குல என்னா சொல்லிக்கினு இருந்தான் தெரியுமா? அஞ்சம்மா அக்கா இட்லி கடை, சுடச்சுட இட்லி, பஞ்சு மாரி இட்லி, வாங்க வாங்கன்னு. எம் பேரு மைக்குல வருதுன்னு நான் இப்பிடி அண்ணாந்து பாத்து சிரிச்சிக்கினு இருந்தேன். குனிஞ்சி பாக்கறேன், ஜனம் ஓடுது.

அம்பயரு நின்ன எடமும் தூரந்தான். அந்த சத்தத்துல அவருக்கு மட்டும் எப்பிடி கேட்டிருக்கும்? மனசு ஆறட்டும்னு சொன்னாரோ என்னமோ. மேல வுழுந்தவனுங்களக் கேட்டேன், ஒருத்தன் ஆமாங்கறான், ஒருத்தன் கவனிக்கலக்காங்கறான். கேட்டிருந்தா ஒருத்தனுக்குத்தான் கேட்டிருக்கும். இடுப்பக் கட்டிக்கினு கெடந்தான் இல்ல, அவன் காதுகிட்டதான் எம்புள்ள வாயி.

அவன் காணைன்னு ஒரு ஊரு, அந்தப் பக்கத்துப் பையன். எழவுக்கு வந்தான். வந்து தெரு மொனையிலயே நின்னான், கிட்ட வரல, பொணத்த எடுக்கறப்ப ஆட்டத்துச் சட்டையோடயே சுடுகாடு வரைக்கும் பின்னால நடந்தான். அதோட ஆட்டத்த வுட்டுட்டானாம், கரும்பு வெட்டப் போறானாம், காணைக்காரங்க சொன்னாங்க. ஆனா வருசா வருசம் வர்றான். சோடா வண்டிக்குப் பின்னால நிப்பான். கோப்பை குடுக்கறதுக்கு முன்ன போயிடுவான். எங்க வூட்டுக்காரரு ஊரவுட்டு ஓடறாரு, இவன் ஊரத் தேடி வர்றான். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். நான் போயிக் கூப்பிடல. கூப்பிட்டா பயந்துக்கினு அடுத்த வருசம் வராம போயிட்டான்னா என்னா பண்றது? பசிச்சா ஒரு நாளு நம்ம கடைக்கே வருவான்னு இருந்தேன்.

ஒக்காரு முருகையா. எழுந்துக்காத. நீ அந்த சந்துல திரும்பனப்பவே அது நீதான்னு எனுக்குத் தெரியும்.

அழாதப்பா. ஒம்மேல கோவம் இருந்தா ஒனக்கு இட்லி வைப்பனா? நீ ஆட்டத்த ஆடின. அவனா இருந்தாலும் புடிச்சத வுட்டிருக்க மாட்டான், எம் புள்ளைய எனுக்குத் தெரியாதா. நான் கேக்கறது வேற. அவன் பாடிக்கினுதான் இருந்தானா? இல்ல, வலிக்குது வுடுறான்னானா? என்னியக் கூப்ட்டானா? சின்னதுல முள்ளு குத்துனாக்கூட அம்மான்னு ஊரக் கூட்டுவான். அவன் கூப்ட்டு, நான் சிரிச்சிக்கினு இருந்தேனா, அது எனுக்குத் தெரிஞ்சாவணும். எதா இருந்தாலும் சொல்லு. நல்லதா ஜோடிச்சி சொல்லாத. இன்னிக்கி சாயங்காலம் கோப்பையத் தொடறதுக்கு முன்ன எனுக்குத் தெரியணும்.

என்னா? வாய் அசையுது, இந்தக் கொழா சத்தத்துல ஒண்ணும் கேக்கல. இரு.

சவுரி. டேய் சவுரி. அந்த செட்ட நிறுத்துடா. ஏன்னு கேக்காத, இத்தினி வருசத்துல ஒன்ன ஒரு தடவ நிறுத்தச் சொல்லியிருக்கனா? ஃபைனலு எங்கியும் போயிடாது. ஜல்தி நிறுத்து.

ம். நின்னுடுச்சி. இப்ப எனுக்குக் கேக்கும். சொல்லு தம்பி.