காமூன் பெயரில் சாய்ந்த தெய்வம்

பல்லக்குத் தூக்குகிறவனுக்குத் தோளைவிட முழங்கால்தான் முதலில் போகும், எழுத்தரே. அதனால் உட்கார்ந்தே பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் பெந்நூப். மலையில் அரசருக்குக் கல்லறை வெட்டுவது தொழில். திருவிழா நாட்களில் தலையை மழித்து, வெள்ளை உடுத்தி, தெய்வத்தின் பல்லக்கைச் சுமக்கும் எட்டுப் பேரில் ஒருவன். முன்பக்கம், வலது தோள். பதினெட்டு ஆண்டுகளாக அதே இடம்தான். எங்கள் ஊரில் திருட்டு என்றால் பல்லக்கை வீதியில் நிறுத்தி, வீட்டு வரிசைப்படி பெயர்களை வாசிப்பார்கள். எந்தப் பெயருக்குத் தெய்வம் முன்னால் சாய்கிறதோ, அவன் திருடன்.

விதவை வெர்னூரோவின் செம்புக் குடம் காணாமல் போனபோது பத்து நாள் ஊரில் நிம்மதி இல்லை. அண்ணன் வீட்டைத் தம்பி சோதனை போட்டான். கழுதைமேல் தண்ணீர் வந்து இறங்கும் இடத்தில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் மண்ணை வாரித் தூற்றினார்கள். யாராவது ஒருவன் அகப்பட்டால்தான் ஊர் அடங்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அன்று வெயில் கடுமை. காமூன் என்று வாசித்தபோது என் தோளைச் சற்றுத் தாழ்த்தினேன். நான்கு விரற்கடை இருக்கும். மற்ற ஏழு பேரும் தெய்வமே இறங்குகிறது என்று கூடவே இறங்கினார்கள்.

காமூன்மேல் எனக்குப் பகை கிடையாது. அடுத்த வீட்டுக்காரன். என் மனைவி படுக்கையில் கிடந்த மாதங்களில் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தது அவன் வீட்டார்தான். ஆனால் அவனுக்கு அண்ணன் தம்பி இல்லை. தடியெடுத்துக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். குணமும் சாது. தாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன்.

அவன் மனைவி தாமித் எல்லார் வீட்டு வாசலிலும் ஏறி இறங்கினாள். "அவருக்குப் பொய் சொல்ல வராதுங்கண்ணே, சொன்னா காது செவந்து காட்டிக் குடுத்துரும்" என்று என்னிடமும் சொன்னாள். அது உண்மைதான், எனக்கும் தெரியும்.

வழக்கப்படி காமூன் பக்கத்து ஊர்த் தெய்வத்திடம் முறையிட்டான். அந்தப் பல்லக்கும் அவன் பெயருக்கே சாய்ந்தது. சத்தியமாக நான் அந்த ஊர்ப்பக்கமே போகவில்லை. அவன் போய்ச் சேரும் முன்பே செய்தி போய்விட்டது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தவன் நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"பெந்நூபு, நெசத்தச் சொல்லு. தூக்கக் கலக்கத்துல நாந்தான் எடுத்துருப்பேனோ?"

"சாமி பொய் சொல்லுமாடா?" என்றேன்.

"ரெண்டு சாமி சொல்லுது. எனக்குத்தான் ஞாபகம் இல்ல போல."

அழுதான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். மறுநாள் சபையில் ஒப்புக்கொண்டான். குடம் எங்கே என்று கேட்டார்கள். எங்கே என்று தெரியாத அந்தப் பாவி, ஆற்றில் வீசியிருப்பேன் என்றான். நூறு அடி கொடுத்து, மூக்கையும் காதுகளையும் அறுத்துத் தெற்கே கல்குவாரிக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஆற்றில் வெள்ளம் வரும் முன்பே செத்துப்போனான். உடல் ஊருக்கு வரவில்லை. மலைச்சரிவில் அவனே தனக்காக வெட்டி வைத்திருந்த கல்லறை காலியாகக் கிடக்கிறது. தாமித் இப்போதும் அதன் வாசலில் ரொட்டி வைக்கிறாள். உடல் இல்லாத இடத்தில் எந்த ஆவி வந்து தின்பது?

உங்கள் ஆட்கள் என் தானியக் குதிருக்கு அடியில் தோண்டி எடுத்த குடம் வெர்னூரோவுடையதுதான். எடுத்தது நான்தான். என் மனைவிக்கு ஒரு நல்ல சவப்பெட்டி வாங்க, பதிலுக்குக் கொடுக்க ஒரு பொருள் வேண்டியிருந்தது. ஊர் அமளியில் அதை வெளியே எடுக்கவே முடியவில்லை. அவளைப் பாயில் சுற்றித்தான் புதைத்தேன்.

இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. கூடவே ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று காமூன் பெயருக்கு முன்னால் வாசித்தது என் பெயரைத்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தெய்வம் இம்மியும் அசையவில்லை, ஐயா. நான் குற்றவாளியாக இருந்தால் அது சும்மா இருந்திருக்குமா?