தெரியாது என்று சொன்ன வாத்தியார்

...பெரியவங்களே, தாய்மாருங்களே, எல்லாரும் தீர்ப்புக்குத்தான் காத்திருக்கீங்க. கடவுள் உண்டுன்னு மூணு பேர் பேசியாச்சு. இல்லவே இல்லன்னு மூணு பேர் பேசியாச்சு. நீங்களும் ரெண்டு பக்கமும் வஞ்சனை இல்லாம கை தட்டியாச்சு. மழை வேற இறங்கப் பாக்குது. இருந்தாலும் சின்னதா ஒரு கதை மனசுல கெடந்து அரிக்குது, அதைச் சொல்லாம நடுவர் இந்த மைக்கை விடறதா இல்ல. பொறுத்துக்கோங்க.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல நல்லசிவன்னு ஒரு அறிவியல் வாத்தியார். பேர்லயே சிவன். ஆனா சிவன் இருக்காரா சார்னு கேட்டா, "தெரியாதுப்பா"ம்பார். அப்ப இல்லையா? "அதுவும் தெரியாது." ...சிரிக்கிறீங்க. நாங்களும் சிரிச்சோம்.

நாங்கன்னா? நான் அதே பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். அப்ப கறுப்புச் சட்டைக்காரன். ஒருநாள் வகுப்புல ஒரு பொண்ணு எந்திரிச்சு, "பெருவெடிப்புக்கு முன்னாடி என்ன சார் இருந்துச்சு?"ன்னு கேட்டிருக்கு. எங்க தமிழய்யா "ஆண்டவன்"ன்னிருப்பார். நான் "ஒண்ணும் இல்ல, உக்காரு"ன்னிருப்பேன். இந்த மனுஷன் "எனக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சவங்க யாரையும் நான் பாத்ததும் இல்ல"ன்னாராம்.

விளைவு என்ன? கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டி அவரைக் கூப்பிடாது. எங்க கூட்டத்துக்கு நாங்களும் கூப்பிட மாட்டோம். மத்தியானம் ஜன்னலோரம் தனியா உக்காந்து சாப்பிடுவார். நாங்க ரெண்டு கட்சியும் சண்டை போடுறதைக் கேட்டுக்கிட்டே பாத்திரத்தை மூடுவார். அவருக்குன்னு இருந்தது ஒரே ஒரு ஆள்... அவர் சம்சாரம் செண்பகவடிவு. பிள்ளை குட்டி கிடையாது. அந்தம்மா தினமும் விளக்கேத்தும். இவர் வேண்டாம்னு ஒருநாளும் சொன்னதில்ல.

அந்தம்மா படுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில கடைசி வாரம், இது பின்னால அவரே எங்கிட்ட சொன்னது, அந்தம்மா கேட்டிருக்காங்க.

"ஏங்க... நான் போனா எங்க போவேன்? சாமிகிட்டயா?"

"தெரியலியே வடிவு."

"பொய்யாவாச்சும் சொல்லக் கூடாதா?"

அவர் அந்தம்மா கையை மட்டும் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கார். ஒரு வியாழக்கிழமை காலையில அந்தம்மா போயிட்டாங்க.

நம்ம ஊர்ல ஒருத்தர் செத்தா மொதல் வேலை என்ன? போஸ்டர். மத்தியானத்துக்குள்ள சுவர்ல ஒட்டணும். அச்சகத்துக்குப் போனார். கூடவே மச்சினன் ஆவுடையப்பன். எங்க இயக்கத்துக்காரங்களோட நானும் பின்னாலயே போனேன். கம்ப்யூட்டர் முன்னால இருந்த பையன், "என்ன சார் போடணும்?"ங்கிறான்.

மச்சினன் சொன்னார், "இறைவனடி சேர்ந்தார்னு போடு."

நான் சும்மா இருந்தேனா? "இயற்கை எய்தினார்னு போடுப்பா. சார் அறிவியல் வாத்தியார்"ன்னேன். பொணம் வீட்டுல கெடக்கு... நாங்க அச்சகத்துல கட்சி கட்டி நிக்கிறோம்.

நல்லசிவன் சார் ரெண்டையும் கேட்டார். ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் குடுத்தார். அதைத்தான் அடிச்சாங்க. "செண்பகவடிவு வியாழக்கிழமை காலை ஒன்பது மணி வரை என்னோடு இருந்தாள்." அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் கொதிச்சுட்டார். "அத்தான், எங்கக்கா போய்ச் சேர இடமில்லாத அநாதையா?"ன்னு கேட்டுட்டு, சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு பந்தலுக்கு அந்தப் பக்கம் போயிட்டார். நாங்க? "சாவுல பயந்துட்டார் பாத்தியா"ன்னு பேசிக்கிட்டு, மாலையை வெச்சுட்டுக் கெளம்பிட்டோம். அந்த மனுஷன் ஒத்தை ஆளா பொண்டாட்டி தலைமாட்டுல உக்காந்திருந்தார். நெனைச்சா இன்னைக்கும் எனக்கு வெக்கமா இருக்கு.

பதினாறாம் நாள் வந்துச்சு. காரியம் இல்ல, ஆள் இல்ல. ஏனோ எனக்கு மனசு கேக்கல. மத்தியானம் போனேன். வாசக்கதவு தெறந்து கெடக்கு. முத்தத்துத் துணிக்கொடியில அந்தம்மா சேலை ஒண்ணு, வெயில்ல வெளுத்துப் போய்த் தொங்குது. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்குக் காயப் போட்டது, இன்னும் எடுக்கல.

என்னைப் பாத்து, "சார், நீங்க தெளிவானவர். அவ எங்க போயிருப்பா சார்?"ங்கிறார்.

முப்பது வருஷம் மேடையில கிழிச்சவன் நான். இயற்கையில கலந்துட்டாங்கன்னு சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். அந்தச் சேலையைப் பாத்தேன்... வரல. "தெரியல சார்"ன்னேன்.

அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "அவ சாமிகிட்ட போயிட்டான்னு சொல்ல ஆள் வந்தாங்க. அவ ஒண்ணும் இல்லாம போயிட்டான்னு சொல்லவும் வந்தாங்க. எனக்குத் தெரியலன்னு சொல்ல நீங்க ஒருத்தர்தான் சார் வந்தீங்க"ன்னு சொல்லிட்டு அழுதார். பொண்டாட்டி செத்ததுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் மொதத்தடவையா அழுதார்.

ஐயா... இப்ப தீர்ப்பு. கடவுள் உண்டுங்கிறவங்களுக்குக் கூட்டம் இருக்கு. இல்லங்கிறவங்களுக்கும் கூட்டம் இருக்கு. அழுதா தோள் கெடைக்கும். தெரியலன்னு உண்மையைச் சொல்றவன் எங்க போவான்? அவனை ரெண்டு பேரும் சேந்து கோழைங்கிறோம். எல்லாரும் தலைக்கு ஒரு பதிலைக் கட்டிப் பிடிச்சிருக்கிற ஊர்ல, வெறுங்கையோட நிக்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும், சொல்லுங்க?

இந்த உலகம் எப்படி ஆரம்பிச்சுது, யார் ஆரம்பிச்சா... எனக்குத் தெரியாது. நடுவரா உக்காந்துக்கிட்டு இப்படிச் சொல்லலாமான்னு கேட்டா, கேட்டுக்கோங்க. ஆனா உங்க தெருவிலயும் அப்படி ஒருத்தர் தனியா உக்காந்திருப்பார். போங்க. அவருக்குப் பதில் கொண்டு போகாதீங்க. சும்மா போய்ப் பக்கத்துல உக்காருங்க.