புது மூடி

“கொஞ்சம் வெந்நீர் வேணும்” என்று கேட்டேன். தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. ஆனால் அந்த மீன் ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா சொல்லியனுப்பிய புத்திமதி ஒன்றே ஒன்றுதான். யாரிடம் எதை வேண்டுமானாலும் கேள், இன்ஜின் ஷெட்டில் மட்டும் வெந்நீர் கேட்காதே. அம்மா அங்கே மீன் அரிகிறவள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அரிகிறாள். காரணம் கேட்டதற்கு, “கேட்டா குடுத்துருவாரு. அதான் கேக்காதங்கறேன்” என்றாள்.

விசாரிக்கிற நீங்கள் நடந்ததை விபத்து என்று எழுதி முடிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தது. உங்கள் அறிக்கையில் தப்பு இருக்கக் கூடாது என்றுதான் வந்தேன். வெந்துபோனவர்கள் இரண்டு பேர். இன்ஜின் மேஸ்திரியைப் பற்றி முதலில் சொல்கிறேன். மற்றவரைப் பற்றிக் கடைசியில்.

இன்ஜினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் குளிரும் டீசல் இன்ஜின் அதிகம் கேட்காத பிராணி. காலையில் ஆறிக் கிடக்கும்போதே ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தொய்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் ஃபில்டரின் அடியில் தங்கியதை வடித்துவிட வேண்டும். நிறுத்தும்போது லோடை எடுத்துவிட்டு, சற்று நேரம் சும்மா ஓடவிட்டு, மூச்சு தணிந்த பிறகு நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். படித்ததை அப்படியே செய்கிறவள். ஆலையில் ஐஸ் இயந்திரங்களை ஓட்டுகிற அந்த இன்ஜினின் பராமரிப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஓட்டுவது மட்டும் மேஸ்திரி.

அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். தலை முழுக்க நரைத்த மாப்பிள்ளை. மாமியார் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்த மருமகன் மாதிரி ஆலையைத் தன்னுடையதாக நினைத்ததால் வந்த பெயர். “சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்” என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை எழுதி ஷெட்டுச் சுவரில் மாட்டினேன். மறுநாள் பார்த்தால் அந்த ஆணியில் அவர் சட்டை தொங்கியது.

“ஆணி நல்ல ஆணிதான், இன்ஜினீயரம்மா” என்றார்.

மீன் அரிகிறவர்கள் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டபடி வேலை செய்ய வேண்டும். கொஞ்ச நேரத்தில் விரல்கள் வேறு யாருடையவோ போல ஆகிவிடும். மதியம் சோற்று டப்பாவின் மூடியைத் திறக்கக்கூட மடங்காது. பச்சைத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கொழகொழப்பு போகாது, கவிச்சியும் போகாது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து நின்றுகொள்வாள். ஆலையில் சூடான தண்ணீர் இருந்த ஒரே இடம் இன்ஜின்.

மதியம் இன்ஜின் நின்றதும் பெண்கள் பிளாஸ்டிக் மக்கோடு ஷெட்டுக்குப் போவார்கள், ஒவ்வொருத்தியாக. ரேடியேட்டர் ஆள் உயரம். மேலே மூடியைத் திறந்து காற்றுவிட்டால்தான் கீழே வடிகுழாயில் தண்ணீர் தடையில்லாமல் வரும். மாப்பிள்ளையின் வலது கை மூடியில் இருக்கும், இடது கை வந்தவளின் மணிக்கட்டில் இருக்கும். தண்ணீர் துருப்பிடித்துத் தேநீர் நிறத்தில் விழும். மேலே எண்ணெய் மினுங்கும். அதில் கையை நனைத்ததும் அழுக்குப் பஞ்சால் விரல் விரலாகத் துடைத்துவிடுவார். “சூடேறிச்சான்னு பாக்கணும்ல” என்பார். துடைக்கிற கை மணிக்கட்டோடு நிற்காது. அவர் நகக்கண்ணில் கிரீஸும் இருக்கும், மீன் செதிலும் இருக்கும். மீனைத் தொடாத மனிதர் அவர். செதில் எங்கிருந்து ஒட்டியது என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சின்ன வயதில் சில நாட்கள் அம்மா மேல் மீன் வாடை இருக்காது, டீசல் வாடை இருக்கும். எனக்கு அது பிடிக்கும். அன்றைக்கெல்லாம் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்குவேன். ஷெட்டுக்குள் முதல்முறை நுழைந்தபோது அதே வாடை மூக்கில் ஏறியது. வெளியே வந்து வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

முறைப்படித்தான் ஆரம்பித்தேன். மேனேஜரிடம் போய், பெண்களுக்கு ஒரு ஹீட்டர் வேண்டும் என்றேன்.

“அதான் மாப்பிள்ளை தர்றாரே” என்றார். “வீணாப் போற சூடும்மா அது. உபயோகப்படுத்துறோம். இதுக்கெல்லாமா இன்ஜினீயரிங் படிச்ச?”

பெண்களிடம் பேசினேன். கடைசியில் மூத்தவள் ஒருத்தி கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “படிச்ச மூக்கு, வாடை தெரியுது. எங்களுக்கு மூக்கு செத்துப் பல காலமாச்சு தாயி. நீ பாட்டுக்கு உன் இன்ஜினைப் பாரு.”

அம்மாவும் அங்கேதான் இருந்தாள். தலையை நிமிர்த்தாமல் அரிந்துகொண்டிருந்தாள்.

சரி, இன்ஜினைப் பார்த்தேன். மாப்பிள்ளை இத்தனை காலம் கொதிக்கிற இன்ஜினைத் திறந்தும் ஏன் ஒரு கொப்புளம்கூட வரவில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. தன் கைராசி என்று அவர் நினைத்தார். “இன்ஜினுக்கு என் கை பழக்கம். பொண்ணுங்களுக்கும்தான்” என்று சிரிப்பார். ஒருநாள் காலை, இன்ஜின் ஆறியிருந்தபோது மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங் செத்திருந்தது. ரப்பர் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ரப்பர் ஹோஸை இறுக்கும் கிளாம்பு வழியாகவும் கசிவு. மூடி சரியாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும், தண்ணீர் சாதாரணக் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த கணத்தில் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். இந்த மூடியில் அழுத்தம் நிற்கவே இல்லை. ஆவி சும்மா போய்க்கொண்டிருந்தது. அவருடைய கைராசி என்பது ஒரு செத்த ரப்பர்.

உதிரிப் பெட்டியில் பிரிக்காத புது மூடி இருந்தது. மாட்டினேன். ஹோஸை மாற்றினேன், கிளாம்பை முறுக்கினேன், தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பினேன். எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், இதில் ஒன்றுகூடத் தவறு கிடையாது. அந்த இன்ஜின் அவ்வளவு ஆரோக்கியமாக அதுவரை இருந்ததில்லை. பழைய மூடியின் அழுக்கைக் கொஞ்சம் சுரண்டிப் புதியதன் மேல் பூசியது மட்டும் புத்தகத்தில் இல்லை. மாற்றிய பாகத்தை ஓட்டுகிறவரிடம் சொல்ல வேண்டும் என்பது புத்தகத்தில் உண்டு. அதை நான் சொல்லவில்லை.

அவரோடு நான் மட்டும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு எவள் கையும் வெந்துவிடக் கூடாது. நான் இளமையானவள், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று தெரியும், மூடி அசையும்போது பின்னால் தாவிவிடலாம். அதனால் அன்று மதியம் மற்றவர்கள் கை அலம்பி எழுவதற்கு முன் ஷெட்டுக்குப் போனேன். வழக்கம்போல முழு லோடில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அவர் சட்டென்று நிறுத்தினார். அப்படி நிறுத்தினால் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பும் நின்று, உள்ளே சூடு இன்னும் ஏறும் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை. மக்கை நீட்டி வெந்நீர் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்ததை எழுதிக்கொள்ளுங்கள். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “இதுக்குப் போயி இவ்வளவு நாள் யோசிச்சியே. வா, வா, கிட்ட வா” என்றார்.

அப்போது அம்மா ஓடி வந்தாள். ரப்பர் ஏப்ரனில் மீன் குடல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஷெட்டுப் பக்கம் திரும்பியதை யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“நீ ஏன்டி இங்க வந்த?” என்று என் கையிலிருந்த மக்கைப் பிடுங்கினாள்.

“ஆத்தாளுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்துல குளிர் எடுத்துருச்சு போல” என்றார் மாப்பிள்ளை. “ஒவ்வொரு ஆளா வாங்கப்பா.”

“அவளுக்கு ஒண்ணும் வேணாம். எனக்குத்தான் கை விறைச்சுக் கெடக்கு.” அம்மா என் பக்கம் திரும்பவில்லை. “நீ வெளிய போ.”

சொல்லிக்கொண்டே அவள் மணிக்கட்டை அவரிடம் நீட்டினாள். அவர் கேட்கவில்லை, அவளாகவே நீட்டினாள். பஸ்ஸில் கண்டக்டர் வந்தால் பேச்சை நிறுத்தாமல் டிக்கெட்டை நீட்டுவார்களே, அப்படி. அந்தக் கைதான் எனக்குத் தலை வாரிவிட்டது, சோறு பிசைந்து ஊட்டியது. மாப்பிள்ளையைப் பார்த்து இத்தனை நாளில் வந்த அருவருப்பெல்லாம் சேர்ந்தாலும் அது நீண்டதைப் பார்த்தபோது வந்ததற்கு ஈடாகாது.

“மூடி புதுசு.” இவ்வளவு சொன்னால் போதும். அவர் கையை எடுத்திருப்பார். மறுநாள் ஆறவிட்டுத் திறந்திருப்பார். அம்மா மறுநாளும் மணிக்கட்டை நீட்டியிருப்பாள். எதுவும் மாறியிருக்காது. இதையெல்லாம் அந்த இடத்தில் நின்றே யோசித்தேன். பதற்றத்தில் வாய் வரவில்லை என்று நீங்கள் எழுத வேண்டாம். நிதானமாகத்தான் இருந்தேன்.

மாப்பிள்ளைக்கு இனிக் கண் தெரியாது என்கிறார்கள். அம்மாவுக்குக் கழுத்தும், முகத்தில் ஒரு பக்கமும், அவர் பிடித்திருந்த அந்தக் கையும். கட்டுப் போட்ட வாயால் அவள் உங்களிடம், தன் மகள் அந்தப் பக்கமே வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். எனக்கு அது தேவையில்லை. அவளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன், அது அவளுக்கு இப்போது புரியாது. இனி யாரும் அவள் கையைப் பிடிக்கப் போவதில்லை.

ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது நான் தயங்கி நின்றேன் என்று எழுதினால் எனக்கு அனுகூலம் என்கிறீர்கள். நிற்கவில்லை. அவர் திறப்பதற்காகத் துணியை மூடிமேல் போட்டதைப் பார்த்தேன், அம்மா போகச் சொன்னாள், போனேன். வெளியே பெண்கள் மக்கோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் ஆவி அடித்துவிடக் கூடாதே என்று கதவை இழுத்து நன்றாகச் சாத்திவிட்டு நடந்தேன்.