ஊசிக்காரம்மாவின் சோப்புப் பை

— சோப்பு பன்னெண்டு, நாப்கின் ஒம்பது கட்டு, கொசுவத்தி ஒரு பெட்டி. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கோங்கண்ணே. பாதி விலை குடுத்தாலும் போதும்.

— ஏம்மா ஊசிக்காரம்மா, எனக்குப் போட்டியா தெருத்தெருவா யாவாரம் பண்ணுன. இப்ப என் கடையிலேயே சரக்கத் தள்ள வந்தியாக்கும்?

— யாவாரம் நானா கேட்டேன்? பதினோரு வருஷமா சம்பளமில்லாம, யாருக்குக் காய்ச்சல், யாரு புள்ளத்தாச்சின்னு வீடு வீடா நடந்து நோட்டுல எழுதுறோம், எதாவது பாத்துச் செய்யுங்கன்னுதான் சுகாதார ஆபீஸ்ல கேட்டோம். கூட்டம் போட்டாங்க, சேவைன்னு சொல்லி கை தட்டுனாங்க. ஆளுக்கு ஒரு பையக் குடுத்து, வித்துப் பொழைச்சுக்கோங்கன்னுட்டாங்க.

— கைதட்டலும் சோப்பும். விவரமான ஆளுங்க. ரெண்டுலயும் பெருசா செலவில்ல.

— சிரிக்காதீங்க. ஒரு கட்டுகூட போகல.

— சரக்குல குத்தமில்லம்மா, விக்கிற முறைதான் தப்பு. காய்ச்சல் இருக்கா, வயித்தால போகுதான்னு கேட்டுக்கிட்டே பையத் தொறக்கிற. இருக்குன்னு சொன்னா எதையாவது தலையில கட்டிருவியோன்னு எவளும் இல்லைன்னுதான் சொல்லுவா.

— அதான் நடக்குது. முந்தியெல்லாம் வாசல்ல நிறுத்திவச்சு கைவலி கால்வலின்னு ஒப்பிப்பாங்க. இப்ப என் செருப்புச் சத்தம் கேட்டா உள்ள டிவி நின்னுடுது.

— அதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிற? கடன் பாக்கியக் கேட்டுருவேன்னு என்னைப் பாத்ததும் முப்பது வருஷமா பாதித் தெரு எதிர்ச்சாரிக்குத் தாவுது. நான் கண்டுக்கிறதே இல்ல.

— உங்களுக்கு அவங்க உடம்பு எப்படியிருக்குன்னு தெரிய வேண்டாம். எனக்குத் தெரியணுமே. வீட்டுக்காரருக்கு முதுகு ஆப்பரேஷன் ஆனதுலேர்ந்து நான்தான் குடும்பத்த ஓட்டிக்கிட்டிருக்கேன். அதான் இந்தப் பையத் தூக்குனேன். தூக்குன நாள்லேர்ந்து ஒருத்தியும் கதவத் தொறக்க மாட்டேங்கிறா. அலுத்துப்போச்சுண்ணே.

— அப்ப என் கடைக்கே வந்துடு. காலையில எட்டு மணிக்கு வந்தாப் போதும், மாசச் சம்பளம். பொம்பளைங்க உன் பேச்சக் கேப்பாங்க, எனக்கும் யாவாரம் நடக்கும்.

— அப்ப வீடு வீடா யாரு போறது?

— கை தட்டுனவன் போகட்டும்.

— ம். யோசிக்கிறேன்.

— நல்லா யோசி. ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்காத. எங்க வீட்டுலயே சொல்லி வச்சிருக்கேன், ஊசிக்காரம்மா வந்தா தொறக்காதீங்கன்னு. கடைக்காரன் வீட்டுலயே நீ சோப்ப வித்துட்டேன்னா நாலு பேரு சிரிப்பானுங்கல்ல.

— மருமக வெளியூரு போயிருக்குன்னு உங்க வீட்டம்மா உள்ளேர்ந்தே சொன்னாங்களே? மூணு தடவ வந்து திரும்பிட்டேன். நோட்டுலயும் வெளியூருன்னு எழுதிட்டேன்.

— இந்த எட்டு மாச வயித்தோட எங்க போகும்? உள்ளதான் படுத்திருக்கு.

— பகல்லயா? ஏன் படுத்திருக்கு?

— வெயிலுதான். ரெண்டு நாளா தலைவலி. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதுங்குது. தூங்கி எந்திரிச்சா சரியாப்போயிடும்.

— மூஞ்சி, கையெல்லாம் எப்படியிருக்கு?

— அதுக்கென்ன, பூசுனாப்புல இருக்கு. வளையலே இறங்கல. நம்ம வீட்டுச் சாப்பாட்டுல சதை போட்டுடுச்சுன்னு எங்க வீட்டம்மாவுக்கு ஒரே பெருமை.

— அது சதை இல்லண்ணே, பிரஷர் ஏறுன வீக்கம், ரெண்டு உசுருக்கும் ஆபத்து. ஷட்டர இறக்கிட்டு ஒரு வண்டியப் புடிச்சுக்கிட்டு வாங்க, நான் முன்னாடி ஓடுறேன். எனக்குக் கதவத் தொறக்கச் சொல்லி வீட்டுக்குப் போன் போடுங்க.